தாளத்துக்கு அடங்காத டிராகன்: மட்டக்களப்பில் சிறுவர் நாடகம் போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஊரோடு ஒட்டாத ஒரு பையன், யாருக்கும் அடங்காத ஒரு டிராகன், இருவரும் மெல்ல மெல்ல நெருங்குவது. இந்தக் கதையைப் பாடசாலை முற்றத்தில் நாடகமாகப் போட விரும்பும் புதிய ஆசிரியர்களுக்கும் சனசமூக நிலைய இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன். கதை எளியது; பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் டிராகனில்தான் இருக்கிறது. பச்சைத் துணி போர்த்திய ஒரு பிள்ளை தவழ்ந்து வரும், இரண்டு தரம் உறுமும், பையன் உருக்கமாக ஒரு வசனம் பேசியதும் அவன் தோளில் தலை சாய்த்துவிடும். இதை ஆறு வயதுப் பிள்ளைகூட நம்பாது. வீட்டு மாட்டைப் பழக்குவதற்கே மாதக்கணக்கு ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

என் யோசனை இதுதான். டிராகன் ஒரு பிள்ளையாக இருக்கக்கூடாது. ஆறு பிள்ளைகள் சேர்ந்து தாங்கும் ஓர் உடலாக இருக்கட்டும். அது அடங்குவதை வசனத்திடம் விடாமல் தாளத்திடம் விடுங்கள். மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தாமல் ஒலிநாடாப் பின்னணி இசையைத் தேடிப் போவது வீண்வேலை.

கதையை எங்கே வைப்பது

ஐரோப்பியக் கதைகளின் டிராகன் இறக்கை முளைத்தது, நெருப்புக் கக்குவது, புதையலைக் காத்துக் கிடந்து கடைசியில் ஒரு வீரன் கையால் சாவது. சீனத்து டிராகன் பாம்பைப் போல நீண்டது. மழைக்கும் ஆற்றுக்கும் உரியது. அங்கே அதை மதிப்பார்கள், கொல்ல மாட்டார்கள். நமக்கு இரண்டாவது வகை வசதியானது. இறக்கை செய்யும் செலவும் இல்லை, நெருப்புக் காட்டும் ஆபத்தும் இல்லை.

தண்ணீர் டிராகன் என்றதும் எல்லோரும் கடலைத்தான் நினைப்பார்கள். வேண்டாம். 2004 டிசம்பர் 26 இல் கல்லடி, நாவலடி போன்ற கரையோர ஊர்களில் பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்தவர்கள் உங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கடலிலிருந்து ஒரு பெரிய நீல உருவம் எழுந்து ஊரை நோக்கி வருவதை அவர்கள் முன் காட்டுவதற்கு எந்தக் கலைநியாயமும் கிடையாது. டிராகனை வாவியில் வையுங்கள். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியில் ஒரு டிராகன் ஒளிந்திருக்கிறது என்றால் எவரும் மறுக்கமாட்டார்கள். கண்டல் மரங்கள் இருக்கின்றன, முதலை இருக்கிறது, நிலவு நாளில் நீருக்கடியிலிருந்து கேட்கும் மீன்பாட்டும் இருக்கிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலை என்றால் உன்னிச்சை போன்ற ஒரு குளத்தில் வைக்கலாம்.

ஊர்மக்களை வில்லன்களாக்காதீர்கள். டிராகன் வலைகளைக் கிழிக்கிறது, தோணியைப் புரட்டுகிறது. அதை விரட்ட வேண்டும் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரவில் யானை வெடி கொளுத்தி வயலைக் காக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், ஊர்க்கூட்டக் காட்சிக்கு உங்களைவிட நல்ல வசனம் சொல்லும்.

பையன் ஏன் ஒட்டாதவன் என்பதற்கு உடற்குறை எதையும் காரணமாக்க வேண்டாம். திக்குவாய், பருமன், தடித்த கண்ணாடி என்று எதை வைத்தாலும் நாடகம் முடிந்த மறுநாள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளைக்கு அது பட்டப்பெயராகிவிடும். நான் சிபாரிசு செய்வது இது: அவன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் பேரன், ஆனால் தாளம் நிற்காது. ஊரே ஆடும்போது அவன் கால் மட்டும் அரைத் தட்டுப் பிந்தி விழும். தாத்தா மத்தளத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தப் பிந்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கதையை நடத்தப் போகிறது. (பையன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பெண்பிள்ளை நடித்தாலும் ஒரு வரி மாற வேண்டியதில்லை.)

உடலைக் கட்டுதல்

மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகையான வடமோடியில் அரச பாத்திரங்கள் அணியும் கரப்புடுப்பை அருகில் பார்த்திருக்கிறீர்களா? பிரம்பு வளையங்களின் மேல் துணி விரித்து இடுப்பைச் சுற்றிக் குடை போல நிற்கும் உடுப்பு. நமக்குத் தேவையான நுட்பம் முழுவதும் அதில் இருக்கிறது. கரப்புடுப்புக் கட்டத் தெரிந்த ஒருவர் சீலாமுனை, கன்னன்குடா போன்ற கூத்தூர்களில் இருப்பார். அவரை அழைத்து ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.

ஆறு வளையங்கள் வேண்டும். தோள்பகுதிக்கு 60 சென்ரிமீட்டர் விட்டம், அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து வாலில் 30. பிரம்பை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் முறியாமல் வளையும். பிரம்பு கிடைக்காவிட்டால் மின்வயர் ஓட்டும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் போதும். ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் குறுக்கே ஒரு தடி கட்டுங்கள். பிள்ளை அதைத்தான் இரு கைகளாலும் பிடிக்கும்.

மேலே போர்த்த ஒரு பழைய சேலை போதும். சேலை ஏறத்தாழ 5.5 மீட்டர். வளையங்களுக்கிடையே 90 சென்ரிமீட்டர் விட்டால் 4.5 மீட்டர் போகும்; மிச்சம் வளைந்து திரும்பும்போது தேவைப்படும் தளர்ச்சிக்கும் வால் நுனிக்கும் சரி. சேலையின் அகலம் முதுகையும் விலாவையும் மூடும், அடிப்பக்கம் திறந்திருக்கும். பிள்ளைகளின் கால்கள் தெரியுமே என்று கவலைப்பட வேண்டாம். கால்கள் தெரியத்தான் வேண்டும், ஏனென்றால் ஆட்டம் காலில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நிறக் காற்சட்டை கொடுத்துவிடுங்கள்.

சேலையின் மேல் கழித்துப்போட்ட மீன்வலைத் துண்டைத் தைத்து, அதில் போத்தல் மூடிகளைக் கோத்துக் கட்டினால் டிராகன் அசையும்போதெல்லாம் ஒரு சலசலப்பு எழும். செதிலுக்குச் செதிலும் ஆயிற்று, ஒலிக்கு ஒலியும் ஆயிற்று. வலை பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே தொங்கவே கூடாது. ஒரு கால்விரல் சிக்கினால் ஆறு பேரும் விழுவார்கள்.

தலைக்குப் பனையோலைப் பெட்டி ஒன்றை அடியாக வைத்து, அதன்மேல் கோதுமை மாப் பசையில் தோய்த்த பத்திரிகைத் துண்டுகளை ஐந்தாறு படையாக ஒட்டுங்கள். ஒரு படை காய்ந்த பின்னரே அடுத்தது. வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கினால் தலை காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரே பகலில் முறுகிக் காய்ந்துவிடும். முதுகு முட்களுக்குத் தென்னம்பாளையைக் கீறி எடுக்கலாம். தலையின் நிறை ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது. அதைப் பிள்ளையின் தலையில் மாட்டாமல் ஒரு தடியில் பொருத்திக் கையில் கொடுங்கள். அப்போதுதான் டிராகன் குனிந்து மோப்பம் பிடிக்கும், பின்வாங்கும், சந்தேகத்தோடு தலையைச் சரிக்கும். முகமூடி அணிந்த பிள்ளையால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

யாருக்கு எந்தப் பாகம்

கூத்தில் பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுப்பதைச் சட்டங்கொடுத்தல் என்பார்கள். நீங்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு ஒத்திகையிலும் எல்லோரும் எல்லா வளையத்தையும் பிடித்துப் பார்க்கட்டும். தலைக்கு உரத்த குரலும் உயரமும் உள்ள பிள்ளையைத் தேட வேண்டியதில்லை. மற்றவர்களைக் கவனிக்கத் தெரிந்த அமைதியான பிள்ளையே பொருந்தும். வகுப்பில் அடங்காத பிள்ளைக்கு வாலைக் கொடுங்கள். வால் மட்டும்தான் விருப்பப்படி ஆடலாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு ஒத்திகைக்கும் பிந்தி வராது. வகுப்பில் உண்மையாகவே ஒதுக்கப்படும் பிள்ளையை, பொருத்தமாக இருக்கிறதே என்று எண்ணி, ஒதுக்கப்பட்டவன் பாத்திரத்தில் நிறுத்தாதீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்த குழு என்றால் இன்னொரு வசதி உண்டு. களிகம்பு ஆடிப் பழகிய பிள்ளைகள் ஊர்மக்களாக வரட்டும். டிராகனை விரட்டும் காட்சியில் கம்போடு கம்பு மோதும் அந்தத் தாளத்துக்கு வேறு எந்த இசையும் ஈடாகாது.

மூச்சு முதலில், நடை பிறகு

முதல் ஒத்திகைகளில் டிராகன் உடலை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு நீண்ட கயிற்றை ஆறு பேரும் பிடித்து நிற்கட்டும். மத்தளம் நான்கு தட்டுத் தட்டும்போது கைகள் உயர வேண்டும், அடுத்த நான்கில் தாழ வேண்டும். இதுதான் டிராகனின் மூச்சு. அலுப்பாக இருக்கும், இருந்தாலும் ஆறு கைகளும் ஒன்றாக உயரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூச்சு வந்துவிட்டால் அசையாமல் நிற்கும் டிராகனையும் பார்வையாளர் உயிருள்ளது என்று நம்புவார்கள்.

பிறகு நடை. உங்கள் ஊர் அண்ணாவியார் சொல்லித்தரும் எளிய வடமோடித் தாளக்கட்டு ஒன்றே போதும். வட்டமாகச் சுற்றுவது, எட்டுப் போல வளைவது, தலை வாலுக்கடியில் நுழைவது என்று வரிசையாகப் பழக்குங்கள். வளைவில் எப்போதும் வெளிப்பக்கத்துப் பிள்ளைகள் ஓட வேண்டிவரும். ஓட்டம் தெரியாமல் இருக்க உள்பக்கத்துப் பிள்ளைகள் குறுகிய அடி வைக்க வேண்டும்.

இப்போது முரட்டுத்தனம். உறுமலும் பாய்ச்சலும் இதற்குத் தேவையில்லை. ஆறு வளையங்களும் ஆறு வேறு தாளத்தில் அசைந்தால் போதும். ஒழுங்காகப் பழகிய பிறகு வேண்டுமென்றே குழம்புவது கடினம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மனத்துக்குள் எண்ண ஒரு எண் கொடுங்கள். ஒருவர் மூன்றில் தாழ்த்த வேண்டும், இன்னொருவர் ஐந்தில், மற்றவர் ஏழில். மேடையில் அது ஒரு பைத்தியக்கார மிருகமாகத் தெரியும். பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்வதும் இதைத்தான்.

வளையத்தை உயர்த்திப் பிடிக்கும் கை சீக்கிரம் களைக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டிராகன் படுத்து ஓய்வெடுக்கும்படி காட்சிகளை எழுதுங்கள்.

பழக்கும் காட்சிகள்

நாடகத்தின் முக்கால்வாசி நேரத்தை இங்கே செலவிடுங்கள். டிராகன் கற்பனை மிருகம். பழக்கும் முறை கற்பனையாக இருக்கத் தேவையில்லை. உண்மையான மிருகங்களோடு வேலை செய்பவர்கள் செய்வதையே பையனும் செய்யட்டும்.

டிராகனின் முதல் வரவை முதலையிடமிருந்து எடுங்கள். இருவர் பிடித்த நீலத் துணிக்கு மேலே கண்கள் மட்டும். முழுத் தலையும் நான்காவது ஐந்தாவது நிமிடம்வரை தெரிய வேண்டாம்.

முதற்காட்சி தூரம். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் கால் வைத்தால் விலகும், வெளியே நின்றால் நிற்கும். டிராகனைச் சுற்றி மூன்று மீட்டருக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு மெல்லிய வட்டம் போடுங்கள். பையன் உள்ளே ஓரடி வைத்ததும் ஆறு வளையமும் குழம்ப வேண்டும்; அவன் காலை எடுத்ததும் மூச்சு திரும்ப வேண்டும். மாடு மேய்ப்பவர்களுக்கு இது தெரியும்: அது ஓடுவதற்கு முன்னமே நாம் பின்வாங்க வேண்டும். நாம் பின்வாங்குவதுதான் அதற்குக் கிடைக்கும் முதற்பரிசு. ஊர்மக்கள் நேரே முகத்தை நோக்கி வருவார்கள். பையன் பக்கவாட்டில் வருவான். இந்த வித்தியாசத்தை எந்த வசனமும் இல்லாமல் காட்டலாம்.

அடுத்தது ஒன்றும் செய்யாமல் இருப்பது. பையன் டிராகனைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தைக் காட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறான். ஒரு முழு நிமிடம். நடிக்கும் பிள்ளைக்கு நாடகத்திலேயே மிகக் கடினமான இடம் இதுதான். திரும்பிப் பார்க்கத் துடிக்கும். டிராகனின் தலை மட்டும் மெல்ல நீண்டு வரட்டும். பார்வையாளர் வரிசையில் சின்னப் பிள்ளைகள் "பின்னால், பின்னால்!" என்று கத்துவார்கள், தடுக்காதீர்கள்.

இதற்குப் பிறகு இரவு, முழுநிலவு, தோணி. கல்லடிப் பாலத்தருகே மீன்பாட்டைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள். பையனும் அப்படியே கேட்கிறான். மத்தளம் ஓய்ந்து, நீருக்கடியிலிருந்து டிராகனின் மூச்சு மட்டும் கேட்க வேண்டும். பனையோலையை மெதுவாக உரசியும், ஆறு பிள்ளைகளும் வாய் மூடி முனகியும் இந்த ஒலியை உண்டாக்கலாம். அந்த மூச்சு ஊர்த் தாளத்தைவிட மெதுவானது. தாத்தாவின் மத்தளத்துக்கு அரைத் தட்டுப் பிந்தும் பையனின் கால் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அதை அவன் விளக்கிப் பேசக்கூடாது. கால் தானாகத் தட்டத் தொடங்கினால் போதும்.

பிறகு மீன் கொடுக்கும் காட்சி, வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய காட்சி. மிருகம் நாம் விரும்பியதைச் செய்த அந்தக் கணத்திலேயே பரிசு கிடைக்க வேண்டும். பிந்தினால் அந்த நேரத்தில் அது வேறு என்ன செய்துகொண்டிருந்ததோ அதைக் கற்றுக்கொண்டுவிடும். நம் பையனோ எப்போதும் பிந்துபவன். டிராகன் தலை குனிகிறது. அவன் மீனை எடுப்பதற்குள் அது தும்முகிறது. மீன் போய்ச் சேர்கிறது. அடுத்த முறை மீனைக் கண்டதும் டிராகன் தும்மத் தொடங்குகிறது. அதற்கடுத்து வாலால் தண்ணீர் அடிக்கிறது. எவ்வளவு பிழையாகப் பழக்க முடியுமோ அவ்வளவும் பழக்குகிறான்.

இதிலிருந்து மீளும் வழியும் உண்மையான ஒன்றுதான். டொல்பின்களைப் பழக்குபவர்கள் சரியான கணத்தில் ஒரு விசில் ஊதிவிட்டு மீனைச் சற்றுப் பிந்திக் கொடுப்பார்கள். விசில் வந்துவிட்டால் மீன் வரும் என்று அது படித்துவிடும். பையன் கையில் விசிலுக்குப் பதில் சல்லரி. டிராகனின் மூச்சைக் கேட்டுக்கொண்டு, தலை தாழும் அந்தத் தட்டில் சல்லரியை ஒலிக்கிறான். மீன் ஆறுதலாக வந்து சேர்கிறது. மத்தளத்தைத் துரத்தியபோது பிந்தியவன், மூச்சைக் கேட்டபோது பிந்தவில்லை. இங்கே ஆறு வளையங்களும் ஒவ்வொன்றாகச் சல்லரிக்கு வந்து சேரட்டும், தலையில் தொடங்கி வால்வரை. அவசரப்படுத்தாதீர்கள்; இது நாடகத்தின் உச்சம்.

இதோடு முடித்துவிடத் தோன்றும். முடிக்கக்கூடாது. பழகிய மிருகம் ஒருநாள் பழையபடி வெருளும். ஊரார் வெடி கொளுத்துகிறார்கள், டிராகன் குழம்புகிறது, பையனையே தள்ளிவிடுகிறது. அவன் மறுபடியும் அந்த மூன்று மீட்டர் வட்டத்துக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் காட்சியை வெட்டிவிட்டால் முன்னால் செய்த எல்லாம் மந்திரவித்தையாகிவிடும்.

கடைசியில் தாத்தா மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறார். டிராகனின் மூச்சுக்கு ஏற்றபடி தன் தாளத்தை அவர்தான் தாழ்த்துகிறார். எல்லோரும் சேர்ந்து ஆடும் அந்த ஆட்டத்திலும் வால் அரைத் தட்டுப் பிந்தியே வரட்டும். ஒரேயடியாக ஒழுங்குக்கு வந்துவிட்ட டிராகனைப் பார்க்கச் சகிக்காது.

வெடி, வெளிச்சம், களரி

உண்மையான வெடி வேண்டாம். போரைக் கண்ட முதியவர்கள் சபையில் இருப்பார்கள். வெறுந்தகரத்தில் ஒரு தட்டுப் போதும், அதையும் நாடகம் தொடங்குமுன் அறிவித்துவிடுங்கள். புகையும் வேண்டாம், துணிக்குள் ஆறு பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மண்டப மேடையை விட வெளிமுற்றத்தில் வட்டக்களரி, அதாவது கூத்தாடும் வட்டமான ஆடுகளம், நல்லது. நீண்ட உடல் நேர்மேடையில் சுவரில் முட்டும், வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். விடியவிடிய ஆடிய கூத்துகளைச் சில மணிநேரத்துக்குச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கொண்டுபோனார். நீங்கள் பிள்ளைகளுக்காகச் செய்வதால் நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பெரும்போக அறுவடை முடிந்த மாதங்களில் வைத்தால் மழைத்தொல்லை குறைவு, பெற்றோரும் வருவார்கள். அதிபரின் அனுமதி, பெற்றோர் சம்மதம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை நான் சொல்லாமலே செய்வீர்கள்.

ஐயம் ஏதும் வந்தால் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் பயிலும் மாணவர்களை அணுகலாம். ஒத்திகைக்கு இருவர் வந்தால்கூடப் பெரிய உதவி.

முடிந்த பிறகு

டிராகனை நிலத்தில் போடாதீர்கள். பிரம்பைக் கறையான் தின்னும், மாப் பசைக்கு எலி வரும். சேலையைக் கழற்றித் துவைத்து மடித்துவிட்டு, வளையங்களைப் பெரியதற்குள் சின்னதாக அடுக்கிக் கூரை வளையில் தொங்கவிடுங்கள். தலையைத் தனியாக ஓர் உரப்பையில் போட்டுக் கட்டி, வேப்பிலை வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பக்கத்துப் பாடசாலை இரவல் கேட்டால் கொடுங்கள். லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் முழுவதும் அடங்கும். போகும் வழியில் தலையை மட்டும் ஒரு பிள்ளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், தாடைக் கயிறு அறுந்தால் அதைத் திரும்பக் கட்டுவது பெரிய தலைவலி.